எங்கள் வீட்டு ஏற்றமும் பிளாக்ஸ் வண்டியும்

கட்டபெட்டில் எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. கீழே என்றால் சும்மா நாலு படி கீழே இல்லை. ரோட்டிலிருந்து ஒரு சிமெண்ட் பாதை செங்குத்தாக இறங்கி, பாதியில் ஒரு முறை ஒடிந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே புகுந்து எங்கள் வாசலில் வந்து விழும். மழைக் காலத்தில் அதில் பாசி பிடிக்கும். முதல் தடவை வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியேதான் வந்து சேருவார்கள். அந்தப் பாதையின் அடியில், தகரக் கூரை போட்ட ஷெட்டில், ஒரு சின்னக் கார் நிற்கிறது. எங்கள் கார்தான். நான் சொல்லப்போகிற இத்தனை கூத்தும் அந்தக் காரை ஓட்ட எனக்கிருந்த ஆசையால் வந்தது.

அதை ஓட்டுகிற உரிமை என் கணவருக்கு மட்டும். அவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கி ஏறுகிற வண்டி. வாரம் முழுக்க அவர் பஸ்ஸோடு போய்விடுவார். கார் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். ஞாயிற்றுக்கிழமை அதை எழுப்பி, துடைத்து, கோத்தகிரி வரை கூட்டிக்கொண்டு போய்க் காய்கறி வாங்கி, திரும்ப ஷெட்டில் விட்டுப் போர்த்திவிடுவார். நான் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். தினமும் அந்த ஏற்றத்தை மூச்சிரைக்க ஏறி, ரோட்டில் நின்று, பஸ் வராவிட்டால் நடந்து, நடுவில் காட்டெருமை மேய்ந்தால் அது மேய்ந்து முடிக்கும்வரை காத்திருந்து, லேட்டாகப் போய்த் திட்டு வாங்குவேன். காட்டெருமை நின்றது என்று ஒரு நாள் சொன்னால் எங்கள் மேனேஜர் நம்புவார். அடுத்த நாளும் சொன்னால், "ஏம்மா, அது உனக்குச் சொந்தமா?" என்று கேட்பார்.

இத்தனைக்கும் என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் ரிவர்ஸ் எடுத்துக் காட்டி வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அது சிம் கார்டு வாங்கவும் பேங்கில் காட்டவும்தான் உதவியது. போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு விவரம் தெரியாது.

ஐப்பசி மழை ஆரம்பித்த ஒரு சாயங்காலம், குடை திருப்பிக்கொண்டு தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். அவர் அன்றைக்கு லீவு. கரி அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"ஏனுங்க, நாளையிலிருந்து கார நான் எடுத்துட்டுப் போறேன்."

"எங்க?"

"ஆபீசுக்கு."

"ஏத்தத்துல எப்படிப் போவ?"

"சக்கரத்துலதான்."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்புள்ள, ரோட்டுல ஓட்டறது வேற. இந்த ஏத்தத்துல பாதியில நின்னு போச்சுன்னா மறுபடி நிறுத்தி எடுக்கோணும். பிரேக்க விட்டு ஆக்ஸிலேட்டர மிதிக்கறதுக்குள்ள வண்டி பின்னால போயிரும். பின்னால என்ன இருக்குது? டீச்சர் ஊட்டு சமையக்கட்டு."

உண்மைதான். எங்கள் வாசலுக்கு அடுத்த தட்டில், சரியாக நேர்கோட்டில், டீச்சர் வீட்டுக் கூரை இருக்கிறது. ஆனால் கோபத்தில் இருக்கும்போது உண்மையை எல்லாம் யார் மதிப்பார்கள்?

"எனக்கு நிறுத்தி எடுக்கத் தெரியும்."

"தெரியுமா? அப்ப ஒண்ணு பண்ணு. நீயா ஒரு வண்டியச் செஞ்சு, இதே ஏத்தத்துல பாதியில நிறுத்தி, பின்னால விடாம எடுத்துக் காட்டு. சாவிய உன் கையில குடுத்தர்றேன்."

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே மெச்சிச் சிரித்தார். அதை அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். அதோடு வாயை மூடிவிடுவேன் என்று நினைத்திருப்பார். கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஆகியும் இந்த மனுஷனுக்கு என்னைத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே வருத்தம்.

கீழ் வீட்டு டீச்சர் ஊட்டியில் ஒரு போர்டிங் ஸ்கூலில் சயின்ஸ் எடுக்கிறவர். அந்தச் சமயம் அவர் பள்ளியில் புது சாமான் வாங்கிப்போட்டு, பழைய பிளாஸ்டிக் பிளாக்ஸ்களை எல்லாம் ஒழித்துக்கட்டினார்கள். ஒன்றோடொன்று அழுத்தினால் ஒட்டிக்கொள்ளுமே, அந்தக் கட்டைகள். டீச்சர் அவற்றைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். சாதாரணக் கட்டைகள் மட்டுமில்லை; பல் சக்கரம், ரப்பர் டயர், குட்டி மோட்டார், பேட்டரிப் பெட்டி, ரிமோட் எல்லாம் கலந்து கிடந்தன. சர்ச்சில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம். மறுநாள் காலையிலேயே வேலிப் பக்கம் நின்று கேட்டேன்.

"டீச்சர், அதுல வண்டி செய்யலாமா?"

"கப்பலே செய்யலாம்க்கா."

விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் ஒரு நிமிஷம் தன் சமையல்கட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்கள் ஷெட்டைப் பார்த்தார். "நீங்க நிறுத்தி எடுக்கக் கத்துக்கறது எல்லாரையும் விட எனக்குத்தாங்க்கா முக்கியம்" என்று சொல்லி அன்றைக்கே சாக்கை இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

கட்டைகளில் பிள்ளைகள் கைப்பட்ட அழுக்கு அப்பிக் கிடந்தது. சாக்கைத் திறந்ததும் பழைய மிட்டாயும் ஈர சாக்ஸும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. மோட்டார், பேட்டரிப் பெட்டி, ரிமோட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, டீச்சர் மற்ற எல்லாவற்றையும் தலையணை உறையில் கட்டி வாஷிங் மெஷினில் போட்டார். துவைத்தாயிற்று, உலர்த்துவது எப்படி? வெயில் மூஞ்சியைப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. மழைக் காலத்தில் எங்கள் ஊரில் எது நனைந்தாலும் ஒரே வைத்தியம்தான்: கரி அடுப்பை மூட்டி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பரப்பிவிடுவது. சட்டை, ஸ்வெட்டர், பள்ளிக்கூட ஷூ, தீப்பெட்டி எல்லாம் அப்படித்தான் காயும். கீழ்நாட்டுக்காரர்கள் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் கூடைமேல் கட்டைகளைக் கொட்டிவிட்டு, டீ போட உள்ளே போனோம்.

திரும்பி வந்தபோது புதுவித வாசனை வந்தது. நடுவில் கிடந்தவையெல்லாம் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, இனிமேல் யார் பிரித்தாலும் பிரிய மாட்டோம் என்று உருகி நின்றன. "ஏசப்பா!" என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். சயின்ஸ் டீச்சர்! பிளாஸ்டிக் சூட்டில் உருகும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போடுகிறவர்! "அது ஸ்கூல்லக்கா, இது ஊடு" என்றார். நல்ல வேளையாக ஓரத்தில் கிடந்தவை தப்பித்தன. ஒரே ஒரு நீளக் கம்பி மட்டும் வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. அந்த நீளத்துக்கு வேறு கம்பி இல்லை. முன் சக்கரங்களைத் திருப்புவதற்கு அதைத்தான் போட்டாக வேண்டும். போட்டோம். அன்றிலிருந்து எங்கள் வண்டிக்கு இடது பக்கம் என்றால் உயிர்.

சாப்பாட்டு மேசைதான் பட்டறை. அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். முதலில் கட்டிய வண்டி பார்க்க அம்சமாக இருந்தது. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், பெரிய டயர், மேலே சிவப்பும் மஞ்சளுமாகக் கூண்டு. தரையில் இறக்கி வைத்து, நான் ரிமோட்டை அழுத்தினேன். முன்பக்க மோட்டார் முன்னால் போகப் பார்த்தது; பின்பக்க மோட்டாரைத் திருப்பி மாட்டியிருந்தோம், அது பின்னால் போகப் பார்த்தது. வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு படாரென்று நடுவில் பிளந்து, முன்பாதி சமையல்கட்டிலும் பின்பாதி கட்டிலுக்கு அடியிலும் போய்ச் சேர்ந்தன. அவர் சோற்றுத் தட்டோடு காலைத் தூக்கிக்கொண்டார்.

"ரெண்டு வண்டியாவா செய்யறீங்க?" என்று கேட்டார். கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. டீச்சர் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

இரண்டாவது வண்டி பிளக்கவில்லை. பதிலுக்கு, போகிற வழியெல்லாம் உதிர்ந்தது. வீடு முழுக்கக் கட்டை. ஒரு நாள் அதிகாலை டியூட்டிக்குக் கிளம்பியவர் இருட்டில் வெறுங்காலோடு ஒரு கட்டையை மிதித்துவிட்டார். ஐயோ அந்தக் கத்து! அடுத்த தட்டில் டீச்சர் வீட்டில் லைட் எரிந்தது. "கூடலூர் ரோட்டுல யானைய நேருக்கு நேர் பாத்தப்பக்கூட நான் இப்படிக் கத்தினதில்ல புள்ள" என்று உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டார். பாவமாக இருந்தது. ஆனால் மிதித்த கட்டையை அவர் ஜன்னல் வழியாக எறியாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார் என்பதை நான் கவனித்தேன்.

மூன்றாவது வண்டிதான் வண்டி. டீச்சர் பல் சக்கரக் கணக்கைக் கையில் எடுத்தார். மோட்டாரில் சின்னச் சக்கரம், அது ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அதன் அச்சில் மறுபடி ஒரு சின்னது, மறுபடி ஒரு பெரியது. வேகம் செத்துப்போகும், ஆனால் இழுவை வரும். "உங்க ஊட்டுக்காரர் ஏத்தத்துல முதல் கியர் போடறார்ல, அதுதாங்க்கா இது" என்றார். இப்படிச் சொன்னால் எனக்குப் புரியாதா? கூண்டைக் குறைத்து, அடியில் இரட்டைக் கட்டையாகப் போட்டு இறுக்கினோம். முடிந்தபோது அது எங்கள் மேசையின் நீளத்துக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையை உள்ளே படுக்க வைக்கலாம். தரையில் இறக்கி ஓட்டிப் பார்த்தால் கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில் உறுமிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். வயது என்ன, வேலை என்ன என்று ஒன்றும் தோன்றவில்லை.

அவர் இத்தனை நாளும் எதிர்க்கட்சிதான். ஆனால் டிரைவர் கண் சும்மா இருக்குமா? மேசையைத் தாண்டும்போதெல்லாம் நடை மெதுவாகும். ஒரு நாள் நின்றே விட்டார்.

"பின்பக்கம் வெயிட்டு பத்தாது."

"உங்களக் கேட்டாங்களா?"

"கேக்கலதான். ஏத்தத்துல முன்னாடி தூக்கும், பின்சக்கரம் சும்மா சுத்தும். சொன்னேன்."

"நீங்க ஜெயிக்கறதுக்கு வழியப் பாருங்க. எங்களுக்கு வழி சொல்லாதீங்க."

அவர் போனதும் டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அலமாரியிலிருந்து ஒரு உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பின் சக்கரத்துக்கு மேலே வைத்துக் கட்டினோம்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் சர்ச்சிலிருந்து வந்த பிறகு, வண்டியை வாசலில் இறக்கினோம். மேல் ரோட்டு டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பாதையின் உச்சியில் வந்து நின்றார். அவரோடு டீ குடிக்க வந்தவர்களும் டம்ளரோடு நின்றார்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் செத்துவிடும் என்று டீச்சர் அதைக் காலையிலிருந்து தன் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தார். பிரசங்கம் முழுக்க அது அவரை இடித்துக்கொண்டே இருந்ததாம்.

விதிமுறைகளை என் கணவர் உரக்கச் சொன்னார். பாதையின் நடுவில் அவர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். அங்கே நிறுத்தி, மறுபடி எடுக்க வேண்டும். வண்டி ஒரு சாணுக்கு மேல் பின்னால் வந்தால் தோல்வி. யாராவது வண்டியைத் தொட்டால் தோல்வி. ரோட்டைத் தொட்டால் சாவி என்னுடையது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையைக் கட்டி, பாதையோரம் நின்றார். பார்க்க அந்த ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன இன்ஸ்பெக்டர் மாதிரியே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

புது வண்டி கிளம்பும்போது எலுமிச்சம்பழம் வைக்காமல் விடலாமா? நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தேன். டீச்சர் கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணினார். நான் ரிமோட்டை அழுத்தினேன். பழம் நசுங்கவில்லை. வண்டிதான் பழத்தின்மேல் ஏறி, அந்தரத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றது. மேலே இருந்து ஒரு சிரிப்பு. "பழத்த எடுங்கக்கா, ஜெபமே போதும்" என்று டீச்சர் காதில் சொன்னார். எடுத்தேன்.

வண்டி நகர்ந்தது. உறுமிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, இடது பக்கம் இழுக்க இழுக்க நான் வலது பக்கம் ஒடிக்க ஒடிக்க, அந்த ஏற்றத்தில் ஏறியது. நான் பக்கத்திலேயே குனிந்துகொண்டு நடந்தேன். வளைவைத் தாண்டியது. யாரும் சிரிக்கவில்லை இப்போது. டீ ஆறிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் கோடு வந்தது. கையை எடுத்தேன். நின்றது. அம்மாடி, ஒரு விரல் அளவுகூடப் பின்னால் வராமல் நின்றது.

"எடு பாக்கலாம்" என்றார் அவர்.

எடுத்தேன். பதற்றத்தில் முழுசாக அழுத்திவிட்டேன். பின் சக்கரம் இரண்டும் கிர்ரென்று சுற்றின. அடியில் பாசி. வண்டி அப்படியே வழுக்கிப் பின்னால் வர ஆரம்பித்தது. நான் உறைந்து போய்விட்டேன். விரல் எங்கே இருக்கிறது, ரிமோட் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கார் போச்சு, சாவி போச்சு, இனி சாகும்வரை காட்டெருமைக்குப் பின்னால்தான் நான் என்று மட்டும் தோன்றியது.

அப்போது என் காலடியில் தொம்மென்று ஒரு சத்தம். பார்த்தால், என் கணவர் பாதையில் குப்புற விழாத குறையாகக் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு பெரிய கல்லைப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. ஏற்றத்தில் எந்த வண்டி பின்னால் வந்தாலும் முதலில் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். யார் வண்டி, என்ன ஆயிற்று என்பதெல்லாம் அப்புறம்தான். ஆனால் இவர் எடுத்தது பஸ்ஸுக்கு வைக்கிற அளவுக் கல். எங்கள் வண்டியைவிடக் கல் கனம். வண்டி அதன்மேல் சாய்ந்துகொண்டு சாதுவாக நின்றது.

டீக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இப்ப யாருங்க தோத்தது?"

எனக்கு அடக்க முடியாத கோபம். "யாருங்க உங்களக் கல்லு வெக்கச் சொன்னது? அதுவே நின்னிருக்கும்! வேணும்னே தொட்டுட்டீங்க!"

"நான் வண்டியத் தொடல. கல்லத்தான் தொட்டேன்."

"கல்லு வண்டியத் தொட்டுதுல்ல?"

"கல்லு தொட்டா நான் தொட்ட மாதிரியா? டீச்சர், நீங்களே சொல்லுங்க."

டீச்சர் கீழே தன் கூரையைப் பார்த்தார். "எனக்கு அந்தக் கல்லு ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் மறுபடி ஏதோ கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். இன்னும் கல்லை விடவில்லை. விடலாம் என்பதே தெரியாத மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"பொம்மை வண்டிதான். தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமல். "ஆனா அது பின்னால வந்தப்ப, உள்ள நீ உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு. ஈரக்கொல நடுங்கிருச்சு புள்ள."

எனக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் உடனே விட்டுவிடவும் மனசு வரவில்லை. "அத முன்னாடியே சொல்றதுக்கென்ன? எனக்கு ஓட்டத் தெரியாதுன்னுல்ல இத்தன நாளா சொல்லிட்டிருந்தீங்க?"

"பயமா இருக்குதுன்னு ஒரு டிரைவர் எப்படிச் சொல்லுவான்?"

மேலே நின்றவர்கள் எல்லாரும் திடீரென்று மரங்களையும் வானத்தையும் பார்க்க ஆரம்பித்தார்கள். டீச்சர் மூக்கை உறிஞ்சினார். நான் அவர் பக்கத்தில் பாசிமேல் உட்கார்ந்துவிட்டேன். புடவை போனால் போகட்டும். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷனிடம் நான் கேட்ட நல்ல வார்த்தை அதுதான், அதையும் ஒரு உப்புப் பொட்டலம் கட்டிய பிளாஸ்டிக் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் அவர் கல்லை விட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "கல்லு இருக்குதுல்ல. இனி பின்னால போகாது. எடு. ஒரேயடியாக் குடுக்காத. கொஞ்சமா குடு... பிடிமானம் கெடைக்குதா பாரு... ஆங், இப்ப குடு."

கொஞ்சமாகக் கொடுத்தேன். சக்கரம் சுற்றாமல், தரையைக் கவ்வியது. வண்டி கல்லை விட்டு ஒரு விரல் நகர்ந்தது, பிறகு ஒரு சாண். அவர் எழுந்து முன்னால் ஓடி, பஸ்ஸுக்கு வழி காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் ஆட்ட ஆரம்பித்தார். "வரட்டும், வரட்டும்! ரைட்ல ஒடி! இழுக்குது பாரு, ரைட்ல ஒடி! வரட்டும் போலாம்!" எதிர்க்கட்சி கலைந்துபோனது. டீக்கடைக்காரரும் டம்ளர்காரர்களும் சேர்ந்து "வரட்டும், வரட்டும்" என்று கத்தினார்கள். வண்டியின் முன் சக்கரம் ரோட்டைத் தொட்டது. நான் ரிமோட்டோடு இரண்டு கையையும் தூக்கிக் கூவினேன். வலது பக்கம் ஒடித்துப் பிடிக்க ஆள் இல்லாததால், வண்டி தனக்குப் பிரியமான இடது பக்கம் திரும்பி, யாரும் எட்டிப் பிடிப்பதற்குள் சாக்கடைக்குள் குதித்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டை கட்டையாகச் சிதறியது. ரோட்டில் போன ஜீப் ஒன்று நின்று, என்ன ஆக்ஸிடெண்ட் என்று விசாரித்துவிட்டுப் போனது.

யார் ஜெயித்தது என்று இன்றுவரை யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சாக்கடையில் கட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் மெதுவாக, "நாளைக்கு லீவு போடு. வெள்ளென எந்திரி. பாசியச் சுரண்டி வெக்கறேன்" என்றார். மறுநாள் நான் எழுந்தபோது மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பாதை முழுக்கச் சுரண்டி, சாம்பல் தூவியிருந்தார். காரின் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கற்றுக்கொடுக்கிறேன் என்று அவர் போட்ட சத்தத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். நானும் சளைத்தவள் இல்லை. ஒரு நாள் பாதி ஏற்றத்தில் காரை நிறுத்திவிட்டு, இனி நீங்களாச்சு உங்க காராச்சு என்று இறங்கிப்போய்ச் சமையல் செய்தேன். அவர் காரை இறக்காமல், பிரேக்கைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாம்பார் கொதித்ததும் மனசு கேட்காமல் திரும்பப் போனேன். டீச்சர் மட்டும், நான் ஏற்றத்தில் நின்று எடுக்கிற நேரம் பார்த்துச் சமையல்கட்டை விட்டு வாசலுக்கு வந்து நிற்பார். காற்று வாங்க வந்தேன் என்பார்.

தை பிறந்து, வானம் சுத்தமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊட்டி மார்க்கெட்டுக்கு முதல் முறையாக நானே ஓட்டிக்கொண்டு போனேன். போகும்போது அவர் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும், "ஹாரன், ஹாரன்" என்றார். காய்கறி ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வரும் வழியில் ஒரு மோசமான கொண்டை ஊசி வளைவு, எதிரே லாரி. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், இறங்கி வந்த லாரி விடவில்லை; நான் ஏற்றத்திலேயே ஓரங்கட்டி, நிறுத்தி, லாரி போனதும் ஒரு விரல் பின்னால் விடாமல் எடுத்தேன் பாருங்கள், எனக்கே நம்ப முடியவில்லை. அவ்வளவு அழகாக எடுத்தேன்.

பார்த்தீர்களா என்று கேட்கத் திரும்பினேன். இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! இந்த ஒரு வளைவைப் பார்க்கத்தானே இத்தனை கூத்து? வேண்டுமென்றே ஹாரனை நீளமாக அடித்தேன். அசையவில்லை. மலைப்பாதையில் அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் இவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. கூட வேலை செய்கிற டிரைவர் ஓட்டினால்கூட, கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே முறைத்துக்கொண்டு வருவார். இப்போது தலை கண்ணாடியில் இடிக்க இடிக்க, குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓட்டும்போது அது ஆபத்து. முந்தானையால் துடைத்துக்கொண்டு, இரண்டாவது கியரில் போட்டு, அடுத்த வளைவுக்கு மறுபடி ஹாரன் அடித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.